கூடை ஏறிய ஞாயிறு

பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் புகைந்த காலத்தில் களிமண் தோண்டிய பெரும்பள்ளம் ஒன்றைத் தூர்த்து உண்டாக்கிய திடல் அது. மேலே புல்; ஒரு முழம் கீழே அதே பழைய களி. மழை விட்டு வெயில் அடித்து, புல் நுனி மொடமொடவென்று காய்ந்த பிறகும் அடியில் தண்ணீர் நிற்கும். அதன்மேல் இருபத்திரண்டு பேர் பூட்ஸ் காலோடு ஓடினால் மூன்று வாரத்துக்கு எருமை புரண்ட குட்டைதான். ஆகவே, ஆட்டம் உண்டா இல்லையா என்பதை வானத்தைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. பக்கிரிசாமிதான் சொல்ல வேண்டும்.

திடல் காவல் வேலைக்கு அவர் வந்து பதினோரு வருடமாகியிருந்தது. ஆட்ட நாளில் காலையில் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியோடு இறங்குவார். நான்கு மூலை, நடுவட்டம், இரண்டு கோல் வாசல். ஏழு இடத்தில் கம்பியை இறக்கி உருவி, நுனியை விரலால் தடவிப் பார்ப்பார். களி ஒட்டினால் தென்மேற்கு மூலையிலிருந்த உயரமான மரத்தின் கப்பியில், சுண்ணாம்பு பூசிய பெரிய மூங்கில் கூடையை ஏற்றிவிடுவார். ரயில்வே லயத்து வீடுகளிலிருந்தும் பட்டறை வாசலிலிருந்தும் அது தெரியும். கூடை ஏறிவிட்டதென்றால் அன்றைக்கு யாரும் திடல் பக்கம் வர மாட்டார்கள். வெயில் சுட்டெரித்தாலும் கேள்வி கேட்க மாட்டார்கள். இத்தனை வருடத்தில் கூடை ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை.

கூடை உள்ளூர்க்காரர்களுக்கு. கிள்ளானிலிருந்தோ காஜாங்கிலிருந்தோ வரும் குழுவுக்கு அது தெரியாதே. அவர்களுக்குத் திடல் அலுவலகத்தில் எழுத்துவேலை பார்க்கும் கிராணி ரமணி டெலிபோனில் சொல்லிவிடுவார். திடல் ஈரம், ஆட்டம் இல்லை. இவ்வளவுதான் செய்தி.

மருமகன் சபாபதி கிடைத்ததும் இந்த ஈரத்தால்தான். 1940இல் கிள்ளான் குழுவுக்குக் கோல் காக்க வந்தவன் அவன். குழு வந்து இறங்கிய பிறகு பெரிய மழை பிடித்து ஆட்டம் நின்றுபோனது. மற்றவர்கள் காப்பிக் கடையில் ஒதுங்கி நிற்க, சபாபதி மட்டும் ஒரு கோணிச் சாக்கை எடுத்துவந்து கோல் வாசலில் விரித்து, தண்ணீர் ஊறியதும் பிழிந்து, மறுபடி விரித்தான். "கோல்கீப்பருக்குத்தானே இந்த இடம். நான் பார்க்காட்டி யாரு பார்ப்பா?" என்றான். அதன்பின் கிள்ளானில் மழை கொட்டிய ஞாயிறுகளில், ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சைக்கிளின் பின்னால் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவான். மறு வருடம் பக்கிரிசாமி தன் ஒரே மகள் தனலெட்சுமியை அவனுக்குக் கொடுத்தார்.

இப்போது 1943. திடலின் கிழக்குப் பாதியில் சப்பான்காரர்கள் மரவள்ளி நடச் சொல்லியிருந்தார்கள். மேற்குப் பாதியில் காலையில் வானொலிக்கு ஏற்றபடி கைகால் ஆட்டும் பயிற்சி. கோல் கம்பங்களை நெருக்கி நட்டு, பாதித் திடலிலும் ஆட்டத்துக்கு இடம் வைத்திருந்தார் பக்கிரிசாமி. தனலெட்சுமி எட்டு மாத வயிற்றோடு பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருந்தாள்.

ஜூன் மாதத்து இரண்டாம் வாரத்தில் கிராணி ரமணி ஓர் உத்தரவோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு விழா. பிரிக்பீல்ட்ஸ் குழுவும் கிள்ளான் குழுவும் பந்தாடும். பார்க்க வரும் ஆண்களுக்குத் தலைக்கு ஒரு கட்டி, அதாவது ஒன்றேகால் ராத்தலுக்கு மேலேயே, அரிசி இலவசம். பதினாறு வயதிலிருந்து நாற்பது வரை எல்லாரும் வரலாம். பெண்கள் வர வேண்டியதில்லை. ஆட்டம் ஆறு மணிக்கு. அது தோக்கியோ நேரம், சூரியனுக்கு நாலரை.

"கோடு போடணும், வேலியைச் சரி பண்ணணும்," என்றார் ரமணி. முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே பேசினார். "மூணு வாசலை ஆணியடிச்சு மூடணுமாம். பெரிய வாசல் மட்டும் போதுமாம்."

"அரிசி குடுத்தா ஆயிரம் பேர் வருவாங்களே ஐயா. ஒரு வாசல் எப்படிப் பத்தும்?"

"எனக்கென்னப்பா தெரியும்."

மறுநாள் வேலி வேலையைப் பார்க்க ஒரு சப்பான் அதிகாரி வந்தார். நடுத்தர வயது, மூக்குக் கண்ணாடி, குரலை உயர்த்தாத மனிதர். வேலிக் கம்பங்களின் தலையில் முள்கம்பி தாங்கும் இரும்புக் கைகள் உண்டு. காசு கொடுக்காமல் ஏறிக் குதிக்க வருகிறவர்களைத் தடுப்பதற்காக அவை எப்போதும் தெருப்பக்கம் சாய்ந்திருக்கும். அதிகாரி அவற்றைக் கழற்றித் திருப்பி மாட்டச் சொன்னார். உள்பக்கமாக. பக்கிரிசாமிக்குப் புரியவில்லை என்று நினைத்து, கையை மடக்கி இரண்டு தடவை செய்தும் காட்டினார். பிறகு பெரிய வாசலுக்கு எதிரே ஆறு லோரி நிற்க எவ்வளவு இடம் வேண்டுமென்று காலடியால் அளந்தார்.

இரண்டு நாளில் எல்லாக் கைகளும் உள்பக்கம் திரும்பின. கடைசிக் கம்பத்தை முடித்துவிட்டுப் பக்கிரிசாமி திடல் நடுவில் போய் நின்று சுற்றிப் பார்த்தார். வேலி அவரைப் பார்த்துக் குனிந்திருந்தது.

பெரிய வாசலுக்கு எதிரே யூனுஸ் ராவுத்தரின் காப்பிக் கடை. பாதி நாள் திறக்கும், பாதி நாள் மூடியிருக்கும். சுவரில் விழாவின் அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள்.

"காப்பிக்கொட்டை தீர்ந்து மூணு மாசம் ஆச்சுண்ணே," என்று கிளாஸை நீட்டினார் யூனுஸ். "கருக்கின கிழங்கைத்தான் ஊத்துறேன். குடிக்கிறவன் எல்லாம் இன்னிக்குக் காப்பி திக்கா இருக்குங்கிறான். நானும் நம்ப ஆரம்பிச்சிட்டேன் லா."

பக்கிரிசாமி சிரிக்கவில்லை. "பாய், அந்தத் தோட்டத்துல படம் காட்டுறோம்னு கூப்பிட்டதா சொன்னீங்களே."

யூனுஸ் துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த மேசையை மறுபடி துடைத்தார். "என் மச்சான் கண்ணால பார்த்தான். கொட்டகைக்குள்ள எல்லாரும் உக்கார்ந்தாச்சு, விளக்கை அணைச்சாச்சு. மறுபடி விளக்கு எரியுறப்போ சுத்திலும் துப்பாக்கி. அப்படியே லோரி, அப்படியே ரயிலு, அப்படியே சயாம். காட்டுல தண்டவாளம் போட மூணு மாச வேலைன்னாங்க. வருசம் ஆகப்போகுது, ஒரு கடுதாசி இல்ல." குரலைத் தாழ்த்தினார். "ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான்."

யூனுஸ் எதிரேயிருந்த வேலியை ஒரு தரம் பார்த்தார்.

ஒருவனிடம் சொன்னால் அது பத்துப் பேரிடம் போகும். பத்தாமவன் அரிசிக்காக அதிகாரியிடம் போவான். பட்டறையில் பேசிய பேச்சுக்காகப் போன மாதம் ஒருவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாது. கூடைக்கு வாய் இல்லை. ஆனால் காய்ந்த தரைமேல் கூடையை ஏற்றினால், அதிகாரி வந்து மிதித்துப் பார்த்த உடனே கதை முடிந்துவிடும். அது மட்டுமில்லை. பொய்க் கூடை ஏற்றுவதை நினைத்தாலே அவருக்குக் கை கூசியது. தரை ஈரமாக வேண்டும். மழையோ ஒன்பது நாளாக இல்லை.

சனிக்கிழமை மதியம் ரமணியின் மேசை முன்னால் போய் நின்றார். ரமணி பழைய துரைமார் காலத்திலிருந்தே அங்கே கிராணி. நடுங்காமல் எழுதும் கையும், எதற்கும் நடுங்கும் மனசும் உள்ளவர். இப்போது சப்பான் மொழியான நிப்போங்கோவும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார்.

"ஐயா, கிள்ளானுக்கு டெலிபோன் பண்ணணும்."

"எதுக்கு?"

"திடல் ஈரம்."

ரமணி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். தார்ச் சாலை வெயிலில் இளகிக் கிடந்தது. "என்ன பக்கிரி விளையாடுறியா?"

"நாளைக்குக் காலையில வந்து மிதிச்சுப் பாருங்க. பாதம் புதையலேன்னா என்னைப் பிடிச்சுக் குடுத்துடுங்க."

ரமணி பேனாவை மூடினார். திறந்தார். பக்கத்து அறைக் கதவைப் பார்த்தார். அங்கே தட்டச்சு யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"உன் மாப்பிள்ளை அந்த டீம்ல இருக்கான்ல?"

"இருக்காருங்க."

"எக்ஸ்சேஞ்ச்ல அவங்க ஆள் உட்கார்ந்து கேட்கிறான். வழக்கமா சொல்றதைத்தான் சொல்ல முடியும். திடல் ஈரம், ஆட்டம் இல்லை. அதுக்கு மேல ஒரு வார்த்தை என் வாயில வராது. சொல்லிட்டேன்."

"அது போதும் ஐயா."

அவர் அறையை விட்டு வெளியே வரும்போது பின்னால் ரமணி டெலிபோனின் கைப்பிடியைச் சுற்றும் சத்தம் கேட்டது.

வெயில் தாழ்ந்ததும், திடலுக்கு மேற்பக்கம் ஓடிய பெரிய கால்வாயின் மடையில் பலகைகளை இறக்கினார். கூட வேலை செய்யும் சின்னையா பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "என்னண்ணே இது?"

"கிழங்குக்குத் தண்ணி."

"கிழங்குக்கு இவ்வளவு தண்ணி விட்டா அழுகிடுமே."

"அழுகட்டும்."

சின்னையா அவரைப் பார்த்தான். பிறகு வேலியைப் பார்த்தான். மிச்சப் பலகைகளை அவனே இறக்கினான்.

தண்ணீர் சத்தமில்லாமல் புல்லுக்குள் ஏறியது. விடியும்போது பலகைகளை எடுத்துவிட்டார்கள். மேல் தண்ணீர் வடிந்துவிட்டது. களி குடித்தது களியிடமே நின்றது. பக்கிரிசாமி கம்பியோடு இறங்கி, வழக்கம்போல ஏழு இடத்திலும் இறக்கிப் பார்த்தார். ஏழிலும் ஒட்டியது. கூடையை ஏற்றினார்.

லயத்து வாசல்களில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அரிசிக்குப் பையைத் தயாராக மடித்து வைத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "ஒரு சொட்டு மழை இல்லையே, இவரு என்ன ஏத்தி வச்சிருக்காரு?" என்றான் ஒருவன். "அடியில கிடக்கும்டா. உனக்குத் தெரியுமா அவருக்குத் தெரியுமா?" என்றான் மற்றவன். வேலி திரும்பியிருந்ததை வேறு யாரும் கவனித்தார்களா என்பது பக்கிரிசாமிக்குக் கடைசிவரை தெரியவில்லை. வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. யூனுஸும் பகலிலேயே கடைப் பலகைகளைப் போட்டுவிட்டார்.

வீட்டில் தனலெட்சுமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கணவன் குழுவோடு வருவான் என்று கெண்டைக் கருவாட்டை எடுத்து வைத்திருந்தாள்.

"உங்க கூடைக்கு இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுதாப்பா?"

"ஈரம் என்ன நம்மளைக் கேட்டா வரும்?"

"அவரைப் பார்த்து அஞ்சு வாரம் ஆச்சு."

"அடுத்த வாரம் வருவாரு," என்றார். அவர் மனைவி இராஜம்மா அடுப்படியிலிருந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவளிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

சூரியனுக்கு மூன்று மணியளவில் லோரிகள் வந்தன. ஆறு. ஒவ்வொன்றிலும் நான்கு சிப்பாய்கள். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். உள்ளே வருகிறவனை விடுவது, வெளியே போகிறவனை மறிப்பது என்பது அவர்கள் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. கூடையின் பொருள் தெரியாத வெளியூர்க்காரர்கள், பாசாரில் சாமான் வாங்க வந்தவர்கள், அரிசி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் என்று பதினாறு பேர் வந்திருந்தார்கள். ஆயிரம் பேருக்கான திடலில் அவர்கள் ஒரு மூலையில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அதிகாரி மேற்குக் கோல் வாசலுக்கு நடந்து வந்தார். ரமணி பின்னால். பக்கிரிசாமியும் சின்னையாவும் மற்ற இரண்டு வேலையாட்களும் வரிசையாக நின்றார்கள். அதிகாரி பூட்ஸை ஊன்றினார். அது கணுக்கால் வரை இறங்கி, உருவும்போது சத்தமிட்டது.

"மழை இல்லாம எப்படின்னு கேட்கிறார்," என்றார் ரமணி.

"அடியில செங்கல் களி ஐயா. பத்துமலைப் பக்கம் மழை பெஞ்சு ஆத்துல தண்ணி ஏறினா இங்க ஊறும்."

ரமணி அதைச் சொன்னார். அதிகாரி கூடையை அண்ணாந்து பார்த்தார். வெறும் லயங்களைப் பார்த்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இன்னொரு முறை தரையை மிதித்தார். தரை உண்மையைச் சொன்னது.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

சபாபதி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். சிப்பாய்கள் வழிவிட்டார்கள். கைப்பிடியில் கால் கட்டிய ஒரு கோழி தொங்கியது. பின்னால் மடித்துக் கட்டிய கோணிச் சாக்கு. இருபது மைல் மிதித்த வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லோரிகளையும் சிப்பாய்களையும் பார்த்திருப்பான். அந்த நாளில் எங்கும் லோரிகளும் சிப்பாய்களும்தானே. தெருவில் ஓர் ஆள் நின்றிருந்தால் கண்ணைக் காட்டியாவது திருப்பி அனுப்பியிருப்பான். கூடைக்குக் கட்டுப்பட்டுத் தெருவே வீட்டுக்குள் இருந்தது.

அவன் சைக்கிளை வேலியில் சாய்த்து, சாக்கை அவிழ்த்துக்கொண்டு கோல் வாசலுக்கு வந்தான்.

"ஈரம்னு டெலிபோன் வந்துச்சு மாமா. தனியா கஷ்டப்படுவீங்களேன்னு..."

மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான்.

திடல் ஈரமென்று சொன்னால் ஆட்டக்காரன் வர மாட்டான், மருமகன் வருவான். மூன்று வருடமாகக் கண்ணெதிரே நடந்த இது, நேற்று அந்த மேசை முன்னால் நின்றபோது பக்கிரிசாமிக்குத் தோன்றவே இல்லை.

"இவரு நம்ம வேலையாளுங்க," என்றார் ரமணியிடம். "திடல் ஆளுன்னு சொல்லுங்க ஐயா."

ரமணி சொன்னார். சொல்லும்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி கையை நீட்டி ரமணியின் கக்கத்திலிருந்த வேலையாட்கள் பேர் ஏட்டை வாங்கினார். எழுத்தை அவரால் படிக்க முடியாது. வரிகளை எண்ண முடியும். நான்கு வரி. எதிரே நின்றவர்களை எண்ணினார். ஐந்து.

"நான்தான் அஞ்சாவது ஆளு," என்றார் பக்கிரிசாமி. "ஏட்டுல இருக்கிறது அவரு பேரு. நான் சும்மா வந்தவன்."

அதை ரமணி மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. வேலி வேலையின்போது பக்கத்தில் நின்று கையை மடக்கிக் காட்டியவர் அந்த அதிகாரி. பக்கிரிசாமியின் நரைத்த தலையைப் பார்த்தார், சபாபதியின் தோளைப் பார்த்தார். ஏட்டை ரமணியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிப்பாயைக் கூப்பிட்டார்.

பதினேழு பேரும் ஒரே லோரியில் அடங்கினார்கள். மற்ற ஐந்தும் காலியாகத் திரும்பின. ஏறுவதற்கு முன்னால் சபாபதி திரும்பிப் பார்த்தான். அவனுக்கு இன்னும் முழுசாகப் புரிந்திருக்கவில்லை. அல்லது புரிந்து, மாமனாருக்காக அப்படி நின்றான்.

"கோழி சைக்கிள்ல இருக்கு மாமா. கட்டு இறுக்கம். கொஞ்சம் தளர்த்தி விடுங்க."

"சரிங்க மாப்பிள்ளை."

"அவகிட்ட..." என்றான். லோரி கிளம்பிவிட்டது.

பக்கிரிசாமி கோழியின் கட்டைத் தளர்த்தினார். சாக்கு கோல் வாசலில் கிடந்தபடியே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் பிழிந்து, மடித்து, சைக்கிளில் கட்டினார். கூடையை இறக்கினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு லயத்துத் தெரு வழியாக நடந்தபோது சில கதவுகள் ஒரு விரற்கடை திறந்தன. உள்ளே முழுசாக இருந்த ஆண்கள் அவரைப் பார்த்தார்கள்.

தனலெட்சுமி வாசற்படியில் இருந்தாள். முதலில் அவள் கண்ணில் பட்டது சைக்கிள்தான். சிரித்துக்கொண்டே கையை ஊன்றி எழுந்தாள்.

*

சயாமிலிருந்து ஆட்கள் திரும்பத் தொடங்கியது 1945 கடைசியில். பதினேழு பேரில் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவன் சபாபதியைக் கடைசியாகக் காலில் புண்ணோடு ஆற்றோர முகாம் ஒன்றில் பார்த்ததாகச் சொன்னான். அதற்கப்பால் அவனுக்குத் தெரியவில்லை. தனலெட்சுமியின் மகனுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. அவள் தகப்பனிடம் அந்த ஞாயிற்றைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. கூடையைப் பற்றியும் பேசியதில்லை.

மரவள்ளியைப் பிடுங்கித் திடலைச் சமப்படுத்தினார்கள். வேலியின் கைகளைப் பக்கிரிசாமி யாரும் சொல்லாமலே வெளிப்பக்கம் திருப்பி மாட்டினார். டிசம்பரில் முதல் ஆட்டம் குறித்தார்கள். மறுபடியும் கிள்ளான் குழுதான். முந்தின நாள் விடாமல் மழை. ஞாயிறு காலையில் கம்பியை இறக்கினார், களி ஒட்டியது. லயத்து வாசல்களில் ஆட்கள் மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர் கூடையைத் தொடவில்லை. லயத்துக்குப் போய் வீடு வீடாக நின்று சொன்னார். "திடல் ஈரம். ஆட்டம் இல்ல. ஒத்தாசைக்கும் யாரும் வர வேண்டாம்." நாற்பத்திரண்டு வீடு. யூனுஸின் கடையிலும் சொன்னார். "கூடை என்னாச்சுண்ணே?" என்று யூனுஸ் கேட்கவில்லை. "சரிண்ணே, வரல," என்றார்.

பிறகு அலுவலகத்துக்குப் போனார். ரமணி அதே மேசையில் இருந்தார். பக்கிரிசாமியைக் கண்டதும் எழுந்து நின்றார், முன்பெல்லாம் எழுந்ததில்லை.

"கிள்ளானுக்கா?"

"ஆமாங்கய்யா."

ரமணி கைப்பிடியைச் சுற்றி, இணைப்பு கிடைக்கும்வரை காத்திருந்தார். "திடல் ஈரம்," என்றார். "ஆட்டம் இல்லை." கருவியை வைக்கப்போனவர், எதிரே நின்றவரைப் பார்த்துவிட்டு மறுபடி வாயருகே கொண்டுபோனார்.

"இன்னொண்ணு," என்றார். "யாரும் வர வேண்டாம். டீமா மட்டுமில்ல, தனி ஆளாவும் வர வேண்டாம். நாங்களே பார்த்துக்குவோம். ஆமா, எழுதிக்குங்க. தனி ஆளாவும்."